குனிவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டியது: பூல் போட்டியாளருக்கான மனப் பயிற்சி

பூல் என்பது வெள்ளைப் பந்தைக் கியூ என்ற கோலால் அடித்து, மற்றப் பந்துகளை மேசையின் ஓரத்துக் குழிகளான பாக்கெட்டுகளில் விழவைக்கும் ஆட்டம். பயிற்சியில் பத்துக்கு ஒன்பது முறை விழுகிற பந்து, போட்டியில் பாக்கெட்டின் முனையில் இடித்துத் திரும்பி வரும். சுற்றி நிற்பவர்கள் "டென்ஷன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஆட்டக்காரருக்கு அந்தச் சொல்லால் ஒரு பயனும் இல்லை. டென்ஷன் உடம்பில் எங்கே வந்தது, அடியின் எந்தக் கட்டத்தில் வந்தது, எதைக் கெடுத்தது என்று பிரித்துப் பார்த்தால்தான் வழி கிடைக்கும். மேசையைச் சுற்றி நின்று ஆடியும் ஆட்டுவித்தும் பார்த்ததில் எங்களுக்குப் பட்டது இதுதான்: போட்டியில் கோட்டைவிடும் எளிய பந்துகளில் பெரும்பாலானவை கை நடுங்கியதால் போனவை அல்ல. முடிவெடுத்து முடிக்காமலேயே குனிந்ததால் போனவை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பூல் பந்தின் விட்டம் 57 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். உலக பூல் சங்கத்தின் அளவுப்படி மூலைப் பாக்கெட்டின் வாய் குறைந்தது நாலரை அங்குலம், அதாவது சுமார் 114 மில்லிமீட்டர். பந்து நடுவில் போனால் இரண்டு பக்கமும் மிஞ்சும் இடம் தலா 28 மில்லிமீட்டர் இருக்கும். வெள்ளைப் பந்து ஒரு மீட்டர் ஓடி இலக்குப் பந்தை நேராக இடிக்கிறது, இலக்குப் பந்து இன்னொரு மீட்டர் ஓடிப் பாக்கெட்டுக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடிக்கும் இடத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் விலகினால், பாக்கெட்டுக்குப் போய்ச் சேரும்போது அந்த விலகல் 26 மில்லிமீட்டர் ஆகிவிடும். இருந்த இடமெல்லாம் அதிலேயே தீர்ந்தது. கோணத்தில் சொன்னால், வெள்ளைப் பந்தின் பாதை ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பின்கையின் விரல்கள் கடைசி நொடியில் கொஞ்சம் இறுகினாலே அந்த விலகல் வந்துவிடும்.

அதனால் மனப் பயிற்சி என்பது ஆட்டத்துக்கு வெளியே தனியாகச் செய்யும் தியானம் அல்ல. அந்தப் பத்தில் ஒரு டிகிரியைக் காப்பாற்றும் வேலை அது. ஸ்ட்ரோக்கை, அதாவது கியூவை இழுத்து அடிக்கும் அசைவை, பழகுவது போலவே எண்ணிக்கை வைத்து, குறிப்பெடுத்து, மேசையிலேயே பழக வேண்டியது.

நிற்கும்போது யோசனை, குனிந்தால் அடி

ஓடிவரும் பந்தை அடிக்கும் விளையாட்டுகளில் யோசிக்க நேரமில்லை. பூலில் பந்து அசையாமல் காத்துக்கொண்டிருக்கிறது. எதிராளி உங்கள் அடியைத் தொடவும் முடியாது. இந்த வசதியே பொறியாகவும் ஆகிறது. யோசிக்க இவ்வளவு நேரம் இருப்பதால், யோசனை எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் கோடு போடுவதில்லை. குனிந்து கியூவை ஆட்டிக்கொண்டிருக்கும்போதும் "கொஞ்சம் மெல்லியதாக வெட்டணுமோ", "வெள்ளை ஓடிப்போய் எட்டாம் பந்துக்குப் பின்னால் ஒளிந்துவிட்டால்?" என்று பேச்சு ஓடுகிறது. மூளை ஒரு திருத்தம் சொல்கிறது. கால் வைத்த இடம் பழைய திட்டத்துக்கானது, கை மட்டும் புதிய திட்டத்துக்குத் தாவுகிறது. பந்து இரண்டுக்கும் நடுவே எங்கோ போகிறது.

எனவே முதல் பழக்கம், நிற்கும்போதே ஐந்து கேள்விக்கும் பதில் சொல்லி முடிப்பது.

எந்தப் பந்து, எந்தப் பாக்கெட். இலக்குப் பந்தின் எந்தப் புள்ளி. வெள்ளை எங்கே போய் நிற்க வேண்டும். என்ன வேகம். டிப், அதாவது கியூவின் நுனி, வெள்ளையின் எந்த இடத்தைத் தொட வேண்டும்.

இதில் மூன்றாவது கேள்விக்குத்தான் பலர் மழுப்பலாகப் பதில் சொல்வார்கள். "அந்தப் பக்கமாக" என்பது பதிலே இல்லை. ஒரு காகிதத் தாள் அளவுக்கு ஓர் இடத்தைக் கண்ணால் குறித்துவிட வேண்டும். வேகத்தையும் அப்படியே "மெதுவாக", "பலமாக" என்று விடக் கூடாது. மேசையின் நீளத்தை அலகாக வையுங்கள்: வெள்ளையை மட்டும் தனியாக அடித்தால் ஒரு நீளம் ஓடும் வேகமா, இரண்டு நீளமா, மூன்றா. பயிற்சியின் முதல் ஐந்து நிமிடம் வெறும் வெள்ளைப் பந்தை ஒன்று, இரண்டு, மூன்று நீளம் ஓடி நிற்கும்படி அடித்துப் பழகினால் இந்த எண்களுக்குக் கையில் பொருள் வந்துவிடும். புதிய மேசைக்குப் போனால் துணியின் வேகமும் இதிலேயே பிடிபடும்.

ஐந்து பதிலையும் மனதுக்குள் ஒரே வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள்: "ஆறு, வலது மூலை, வெள்ளை நடு மேசைக்கு, இரண்டு நீளம், நடுவுக்கு ஒரு டிப் கீழே." வாக்கியம் தடையில்லாமல் வந்தால் முடிவு முடிந்தது. நடுவில் இழுத்தால் இன்னும் முடியவில்லை, குனியாதீர்கள்.

கியூவுக்குச் சாக் போடுவதை, அதாவது நுனி வழுக்காமல் இருக்கச் சுண்ணக்கட்டி தடவுவதை, எல்லைக் கோடாக வைத்துக்கொள்வது நல்லது. யோசிக்கும்போது சாக்கைத் தொடாதீர்கள். முடிவானதும் சாக் போடுங்கள், கீழே வையுங்கள், அத்தோடு பேச்சு முடிந்தது. பிறகு அடிக்கும் கோட்டுக்கு நேர் பின்னால் நின்று, கண் அந்தக் கோட்டில் இருக்கும்போதே கால் வைத்து, கோட்டின் மேலேயே தலை இறங்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து வந்து குனிந்துவிட்டு அங்கே நெளிந்து சரி செய்வது, முடிவை மறுபடி திறந்துவிடுவதற்குச் சமம்.

அடுத்தது கடுமையான விதி. குனிந்த பிறகு ஒரு சந்தேகம் வந்தால், அது எவ்வளவு சின்னதானாலும், எழுந்து நில்லுங்கள். முழுதாக எழுந்து, ஓரடி பின்னால் வந்து, சாக்கிலிருந்து தொடங்குங்கள். எல்லோருக்கும் தெரிந்த அறிவுரைதான் இது. போட்டியில் பாதிப் பேர் செய்வதில்லை. எழுந்தால் பயந்தது போலத் தெரியும் என்ற கூச்சம் ஒரு காரணம். எழும் பழக்கமே உடம்பில் இல்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். அதைப் பழக்க ஒரு முறை உண்டு. பதினைந்து பந்துகளை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகப் போடுங்கள். சந்தேகத்தோடு அடித்த எந்தப் பந்தும், விழுந்தாலும்கூட, தவறியதாகவே கணக்கு. சந்தேகம் வந்து எழுந்து மறுபடி குனிந்ததற்கு ஒரு புள்ளி கூட்டுங்கள். இரண்டு வாரம் இப்படி எண்ணினால், தவறியதில் எத்தனை பந்து உண்மையில் குறிபார்ப்பின் குற்றம், எத்தனை அரைகுறை முடிவின் குற்றம் என்று தெரிந்துவிடும். பலருக்கு அந்த விகிதம் அதிர்ச்சியாக இருக்கும்.

கடிகாரம் வைத்து ஆடும் போட்டிகளில் ஓர் அடிக்கு 30 வினாடி என்பது வழக்கமான அளவு. அந்த நெருக்கடிக்கும் இதே பிரிவினை உதவும்: முடிவுக்கு 15 வினாடி, குனிந்து அடிக்க 10, எழுந்து மறுபடி குனிய நேர்ந்தால் மிச்சம் 5. பயிற்சியில் யாரையாவது நேரம் சொல்ல வையுங்கள். 15 வினாடியில் முடிவெடுக்க முடியாத நிலைகள் எவை என்று குறித்துவைத்தால், அவைதான் உங்களுக்குத் தெரியாத பொசிஷன்கள் என்று தெரியும். அதற்கு மனப் பயிற்சி உதவாது, பாடம் படிக்க வேண்டும். சேஃப்டி (எதிராளிக்கு எளிய அடி கிடைக்காதபடி ஆடும் தற்காப்பு அடி) அடிக்கலாமா, பந்தைப் போட முயலலாமா என்று அலைபாய்கிற இடத்தில் பெரும்பாலும் அறிவுக் குறைதான் பயம் போல வேடம் போடுகிறது. ஒன்பது பந்துகளை எண் வரிசையில் ஆடும் நைன் பாலில் தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் ரேக்கே, அதாவது அந்தச் சுற்றே, போய்விடும், பிரேக்குக்கு (பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடிக்கு) அடுத்த அடியில் புஷ் அவுட் (எந்தப் பந்தையும் தொடாமல்கூட வெள்ளையை நகர்த்தும் சலுகை) சொல்ல உரிமை உண்டு என்பது போன்ற விதிகள் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். விதியில் குழப்பம் இருப்பவருக்கு மனம் அமைதிப்படாது.

கடைசிப் பார்வை

கண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மனம் எங்கே இருக்கிறது என்பதை வெளியிலிருந்து காட்டும் ஒரே சாளரம் அதுதான்.

கனடாவின் கல்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ், தேர்ந்த விளையாட்டு வீரர்கள் செயலைத் தொடங்குமுன் ஒரே இடத்தில் கண்ணை நிலைநிறுத்தும் அந்தக் கடைசிப் பார்வையை ஆராய்ந்து, அதற்கு 'அமைதிக் கண்' என்ற பொருளில் பெயர் வைத்தார். மார்க் வில்லியம்ஸ், ராபர்ட் சிங்கர், ஷேன் ஃப்ரேலிக் ஆகிய மூவர் 2002ல் பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். திறமையானவர்களின் கடைசிப் பார்வை நீளமாக இருந்தது. அடி கடினமானால் அது இன்னும் நீண்டது. நேரத்தைக் குறைத்து அந்தப் பார்வையைச் சுருக்கியபோது, தேர்ந்தவர், புதியவர் இருவருக்குமே ஆட்டம் கெட்டது.

மேசையில் இதைச் செய்யும் முறை: குனிந்ததும் இரண்டு முதல் நான்கு ஒத்திகை ஸ்ட்ரோக். அப்போது கண் வெள்ளைக்கும் இலக்குப் பந்துக்கும் இடையே போய்வரலாம். அதன்பின் டிப்பை வெள்ளைக்கு ஒரு விரல் அகலம் முன்னால் நிறுத்துங்கள். டிப் நீங்கள் சொன்ன இடத்தில்தான் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள். கண்ணை இலக்குப் பந்தின் புள்ளிக்குக் கொண்டுபோய் அங்கேயே விடுங்கள். அவசரமில்லாமல் பின்னிழுங்கள், பின்முனையில் ஒரு கணம் நில்லுங்கள், அடியுங்கள். பந்தின் மேல் வெள்ளை இடிப்பதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

என்ன கெடுகிறது? நெருக்கடியில் கண் மூன்று இடங்களுக்குத் தாவும். ஒன்று பாக்கெட், விழுமா என்று பார்க்க. இரண்டு, வெள்ளை போய் நிற்க வேண்டிய இடம். மூன்று, எதிராளியின் பந்து அல்லது ஓரத்தில் நிற்கும் இடைஞ்சல் பந்து. கண் தாவினால் தலை எழும், தலை எழுந்தால் தோள் எழும், கியூ பக்கவாட்டில் இழுபடும். வெட்டுப் பந்துகள் (பக்கவாட்டில் இடித்துப் போடுபவை) போட்டியில் பருமனாக, அதாவது வேண்டியதைவிட நடுவுக்கு நெருக்கமாக, இடிபடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சோதித்துப் பார்ப்பது எளிது. அடித்த பிறகு, பந்து பாக்கெட்டுக்குள் விழும் ஒலி கேட்கும் வரை தலையும் பிரிட்ஜ் கையும் (மேசையில் ஊன்றிக் கியூவைத் தாங்கும் கை) அசையக் கூடாது. பயிற்சியில் கைப்பேசியைக் குறுக்காக வைத்துப் பதிவுசெய்து பாருங்கள். எளிய பந்துகளில் அசையாமல் இருந்துவிட்டு, சிரமமான பந்துகளில் மட்டும் துள்ளி எழுந்தால், தவறு ஸ்ட்ரோக்கில் இல்லை, முடிவைப் பார்க்கும் அவசரத்தில்தான்.

உள்ளே ஓடும் பேச்சு

"தவறவிடாதே" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்பவர் தவறுவதைத்தான் படமாகப் பார்க்கிறார். "முழங்கையை இறக்காதே, மணிக்கட்டைத் திருப்பாதே" என்று சொல்லிக்கொள்பவர் இன்னொரு பள்ளத்தில் விழுகிறார். தானாக ஓடும் ஸ்ட்ரோக்கை நடுவில் நிறுத்தி விசாரணை நடத்துகிறார். 1992ல் ரிச் மாஸ்டர்ஸ் கோல்ஃப் அடியை வைத்துச் செய்த ஆய்வு இதைத்தான் காட்டியது. விதிகளாக மனப்பாடம் செய்து கற்றவர்கள், விதிகள் தெரியாமலே பழகியவர்களைவிட நெருக்கடியில் அதிகம் தடுமாறினார்கள்.

உடம்பைப் பற்றிய எண்ணத்தை விட்டுவிட்டு வெளியே இருக்கும் ஒன்றின் மேல் கவனத்தை வைப்பதுதான் மாற்று. டிப் வெள்ளையைத் தாண்டி எவ்வளவு தூரம் ஊடுருவிப் போக வேண்டும், வெள்ளை எந்தப் பாதையில் உருண்டு போக வேண்டும், இவை இரண்டும் வேலை செய்யும். ஒரே ஒரு சொல் போதும்: "வழுக்கு", "முழுசா", "நேரே". அந்தச் சொல்லைப் பயிற்சியிலேயே ஆயிரம் அடிக்குப் பழக்கியிருக்க வேண்டும். போட்டி நாளில் புதுச் சொல் தேடினால் கை அதைக் கேட்காது. ஸ்ட்ரோக்கில் திருத்தம் செய்யும் வேலைக்குத் தனி நாள் வையுங்கள். போட்டிக்கு முந்தைய ஒரு வாரத்தில் அதைத் தொடவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

உடம்பு சூடாகும்போது

படபடப்பு வந்தால் இரத்தத்தில் அட்ரினலின் ஏறுகிறது. பெரிய தசைகளுக்கு அது பலம் தரும். விரல் நுனியின் நுணுக்கத்தை அது கெடுக்கும். பூலில் அதன் அடையாளங்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: நடை வேகமாகும், ஒத்திகை ஸ்ட்ரோக் குறையும், பிடி இறுகும். பிடி இறுகினால் பின்னிழுப்பு குட்டையாகும். அதை ஈடுகட்டக் கை முன்னால் குத்தும். பந்து விழுந்தாலும் வெள்ளை இரண்டடி கூடுதலாக ஓடும். சிலருக்கு நேர்மாறு: பயத்தில் பாதியில் வேகத்தை உறிஞ்சிவிடுவார்கள், வெள்ளை குறைவாக ஓடி நிற்கும். நீங்கள் எந்த ரகம் என்று தெரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் இரண்டுக்கும் மருந்து வேறு. குத்துகிறவர் குட்டையான பாலத்தோடு, அதாவது பிரிட்ஜ் கையை வெள்ளைக்குக் கொஞ்சம் நெருக்கி வைத்து ஆடலாம். உறிஞ்சுகிறவர் ஒரு கூடுதல் ஒத்திகை ஸ்ட்ரோக்கை முழு நீளத்துக்கு இழுத்துப் பார்த்துவிட்டு அடிக்க வேண்டும்.

பிடியை எண்ணால் பழகலாம். 10 என்றால் கியூவை நசுக்குவது, 1 என்றால் நழுவ விடுவது. 3ல் பிடித்துப் பத்து அடி, 6ல் பத்து அடி, மறுபடி 3ல் பத்து அடி. இப்படிப் பழகிய கை, 3 எப்போது 5 ஆனது என்று போட்டியில் தானே சொல்லும்.

மூச்சுக்கு நுணுக்கம் அதிகமில்லை. 4 வினாடி உள்ளே, 6 வினாடி வெளியே, நிமிடத்துக்கு 6 மூச்சு. இதை நாற்காலியில் செய்ய வேண்டும். குனிந்த நிலையில் எண்ணிக்கொண்டிருந்தால் அதுவே ஒரு புது யோசனையாகிவிடும். குனியும்போது மூச்சு வெளியே போக வேண்டும், அது மட்டும் போதும்.

அமைதியான அறையில் மட்டும் பயிற்சி செய்கிறவருக்குப் படபடக்கும் நெஞ்சோடு அடித்த அனுபவம் இருக்காது. ஒரு நிமிடம் வேகமாகப் படியேறி இறங்கிவிட்டு, உடனே மூன்று பந்துகளை வரிசையாகப் போட்டுப் பாருங்கள். நாலைந்து சுற்று செய்தால், துடிக்கும் நெஞ்சோடும் ஸ்ட்ரோக் நேராகப் போகும் என்று உடம்பே தெரிந்துகொள்ளும். படபடப்பை விரட்டுவது நோக்கமல்ல. அது இருக்கும்போதே வேலை நடக்க வேண்டும்.

மாத்திரையால் நெஞ்சை அடக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஒதுக்கிவிடுங்கள். பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள் பில்லியர்ட்ஸ் வகை விளையாட்டுகள் அனைத்திலும் போட்டியின்போது ஊக்கமருந்து விதிகளால் தடை செய்யப்பட்டவை. இரத்த அழுத்தத்துக்கு மருத்துவர் கொடுத்து ஏற்கெனவே எடுத்துக்கொள்பவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன்பே மருத்துவரிடமும் ஏற்பாட்டாளர்களிடமும் பேசி முறையான அனுமதி பற்றிக் கேட்க வேண்டும். மது கையை நிதானப்படுத்துவதாகத் தோன்றும், ஆனால் அது முதலில் தின்பது தீர்மானத்தை. எந்தப் பந்தைத் தொடக் கூடாது என்ற அறிவுதான் முதலில் போகும்.

நாற்காலி

பூல் ஆட்டக்காரர் போட்டியில் பாதி நேரம் உட்கார்ந்திருக்கிறார். சில சமயம் எதிராளி மூன்று நான்கு ரேக்குகளைத் தொடர்ந்து முடிப்பார், நீங்கள் கியூவைத் தொடவே மாட்டீர்கள். அந்த நேரத்துக்கென்று ஒரு வேலைத்திட்டம் இல்லாதவர் அங்கேயே தோற்றுவிடுகிறார். எதிராளி தவறவிட வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருப்பது மிகவும் களைப்பான வேலை. அவர் போடும் ஒவ்வொரு பந்தும் ஓர் அடி போல விழும். கடைசியில் உங்கள் முறை வரும்போது எரிச்சலோடு எழுந்து போவீர்கள்.

நாற்காலியில் செய்ய வேண்டியவை உண்டு. முதுகை நிமிர்த்தி, இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்காருங்கள். சாய்ந்து சரிந்து இருபது நிமிடம் இருந்தால் இடுப்பும் தொடையும் இறுகிவிடும், முதல் குனிதலிலேயே அது தெரியும். எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பாருங்கள். குஷனில் (மேசையின் விளிம்பில்) பட்டுப் பந்து நீளமாகப் போகிறதா, குட்டையாகத் திரும்புகிறதா, துணி வேகம் கூடியிருக்கிறதா, எந்தப் பாக்கெட் பந்தை ஏற்கிறது, எது துப்புகிறது. பிரேக்கில் எந்தப் பந்து எங்கே போகிறது என்று பார்த்தால் உங்கள் பிரேக்குக்கே அது தகவல். கை குளிர்ந்துவிடாமல் விரல்களை மடக்கி நீட்டுங்கள். தண்ணீர் ஒரு வாய்.

எதிராளி அடுத்த ஒன்றிரண்டு அடியில் தவறலாம் என்று தோன்றும்போதே மேசையை உங்கள் கண்ணால் படிக்கத் தொடங்கிவிடுங்கள். உங்கள் முறை வந்ததும் நேராகப் பந்தை நோக்கி ஓடாதீர்கள். மேசையை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். நீண்ட இருப்புக்குப் பின் வரும் முதல் அடிதான் ஆட்டத்திலேயே அதிகம் தவறும் அடி. அதற்கு மட்டும் ஒத்திகை ஸ்ட்ரோக்கை இரண்டு கூட்டுவதும், முடிந்தால் வெள்ளையை நடுவிலேயே அடித்து ஸ்பின்னைத் தவிர்ப்பதும் எங்கள் பழக்கம்.

இதை வீட்டுப் பயிற்சியில் பழகுவது எப்படி? ஒரு ரேக் ஆடிவிட்டு 10 நிமிடம் நாற்காலியில் உட்காருங்கள், கைப்பேசி இல்லாமல். எழுந்து, முன்கூட்டியே எழுதிவைத்த ஒரே ஓர் அடியை அடியுங்கள். மறுமுயற்சி கிடையாது. விழுந்ததா இல்லையா என்று நாட்குறிப்பில் எழுதிவிட்டு மறுபடி உட்காருங்கள். ஒரு மணி நேரத்தில் ஐந்து அடிதான் கிடைக்கும், சலிப்பாக இருக்கும். ஆனால் ஒரே இடத்தில் நின்று அதே பந்தை ஐம்பது முறை அடிக்கும் பயிற்சி கற்றுத் தராத ஒன்று இதில் இருக்கிறது. போட்டியில் எந்த அடியும் இரண்டாம் முறை வருவதில்லை.

தவறிய பிறகு

தவறிய உடனே காற்றில் கியூவை வீசி, "இப்படி அடித்திருக்க வேண்டும்" என்று காட்டுகிற வழக்கம் பலருக்கு உண்டு. பார்ப்பவருக்கான விளக்கம் அது, ஆட்டக்காரருக்குப் பயன் இல்லை. மேசையிலிருந்து நாற்காலிக்குப் போகும் நாலைந்து அடிக்குள் காரணத்தை ஒரே சொல்லில் குறியுங்கள்: முடிவு, குறி, வேகம், அசைவு. நான்கில் ஒன்று. கியூவைத் துணியால் ஒருமுறை துடையுங்கள், உட்காருங்கள், அது போயிற்று. கோபம் வரக் கூடாது என்று சொல்லவில்லை. வரும். ஆனால் அதற்குக் கியூவைத் துடைத்து முடிக்கும் வரைதான் இடம்.

போட்டி முடிந்ததும் அந்தச் சொற்களைத் தாளில் எழுதுங்கள். அதோடு ஒரு எண்ணும் வேண்டும். ஆட்டத்தை எண்ணால் மதிப்பிடும் அக்யூ-ஸ்டாட்ஸ் முறையில், போட்ட பந்துகளின் எண்ணிக்கையை, போட்ட பந்துகளும் பிழைகளும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுப்பார்கள். தவறிய பந்து மட்டுமல்ல, பொசிஷன் (வெள்ளை நிற்கும் இடம்) கெட்டது, சேஃப்டி கெட்டது, வெள்ளையைக் குஷனில் பட்டு வரச் செய்யும் கிக் ஷாட் தொடாமல் போனது எல்லாம் பிழை. 63 பந்து போட்டு 7 பிழை செய்தால் 0.900, அது மிக உயர்ந்த ஆட்டம். 42 பந்து, 14 பிழை என்றால் 0.750. வெற்றி தோல்வியை மட்டும் பார்ப்பவர், 0.700 ஆடி வென்ற நாளில் பெருமைப்பட்டு, 0.880 ஆடித் தோற்ற நாளில் ஸ்ட்ரோக்கையே மாற்றக் கிளம்புவார். எண் இருந்தால் அந்த விபத்து நடக்காது. பத்துப் போட்டிகளின் தாளை அடுக்கிப் பார்த்தால் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும். அடுத்த மாதப் பயிற்சி அதைப் பற்றித்தான்.

தனியாகப் பழகுவோருக்கு 'பேய்' ஆட்டத்தைவிடச் சிறந்த நெருக்கடி இல்லை. பிரேக் செய்யுங்கள், வெள்ளையை விருப்பமான இடத்தில் வையுங்கள், வரிசையாக எல்லாப் பந்தையும் போட்டால் ரேக் உங்களுடையது. ஒன்று தவறினாலும் ரேக் பேய்க்கு. முதலில் ஏழு ரேக் எடுப்பவர் வென்றார். ஒன்பது பந்தோடு தொடங்கி 7-0 என்று தோற்றுக்கொண்டிருப்பதில் பயனில்லை. மூன்று பந்தோடு தொடங்குங்கள், தொடர்ந்து மூன்று நாள் வென்றால் ஒரு பந்து கூட்டுங்கள், தொடர்ந்து மூன்று நாள் தோற்றால் ஒன்று குறையுங்கள். 6-6 என்ற நிலை அடிக்கடி வரும் எண்ணிக்கைதான் உங்களுக்கு ஏற்றது. அந்த 6-6ல் என்ன மாறுகிறது என்று கவனிப்பதற்காகத்தான் இதை ஆடுகிறோம்.

கடைசிப் பந்து

பெரிய முன்னிலையில் இருப்பவர் தளர்வதும், ஒரு ரேக் மிச்சம் இருப்பவர் இறுகுவதும் ஒரே காரணத்தால்தான்: மனம் அடியிலிருந்து ஸ்கோருக்குப் போய்விடுகிறது. அமெரிக்க பூல் ஆட்டக்காரர் வில்லி மொஸ்கோனி 1954ல் ஓஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரே ஓட்டத்தில், நடுவில் தவறாமல், 526 பந்துகளைப் போட்டார். 14 பந்துக்கு ஒரு ரேக் என்ற கணக்கில் அது 37 ரேக்குக்கும் மேல். ஒவ்வொரு பந்துக்கும் அடுத்த பந்து காத்திருக்கும் ஆட்டம் அது. வெள்ளை எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வி ஒருபோதும் காலியாவதில்லை.

நைன் பாலிலும் எயிட் பாலிலும் கடைசிப் பந்துக்கு மட்டும் அந்தக் கேள்வி காலியாகிறது. அடுத்த பந்து இல்லை, வெள்ளை எங்கே போனாலும் கவலை இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஐந்து பதிலில் மூன்று இதனால் கழன்றுவிடுகின்றன: இடம், வேகம், டிப். எஞ்சியிருப்பது "போடு" என்ற ஒன்று மட்டும். வழக்கமான வாக்கியம் பாதியில் அறுந்து, அந்த வெற்றிடத்தில் பரிசும் கைத்தட்டலும் எதிராளியின் கைகுலுக்கலும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஒத்திகை ஸ்ட்ரோக் நான்கு என்பவர் இரண்டோடு அடித்துவிடுகிறார்.

அதனால் கடைசிப் பந்துக்கும் வெள்ளைக்கு ஓர் இடம் குறியுங்கள். பத்தாவது பந்து ஒன்று இருப்பதாக வைத்து, அதற்குப் பொசிஷன் எடுப்பது போல. வாக்கியத்தை முழுதாகச் சொல்லுங்கள்: "ஒன்பது, இடது மூலை, வெள்ளை நடு மேசைக்கு, ஒரு நீளம், நடுவில்." சாக், கோடு, கால். ஒத்திகை ஸ்ட்ரோக் அதே எண்ணிக்கை. பந்து உள்ளே விழுந்த ஒலி கேட்ட பிறகும் கீழேயே இருந்து, வெள்ளை குறித்த இடத்தில் போய் நிற்கிறதா என்று பாருங்கள்.